இமயமலைப் பழங்குடிகள் அன்றாடம் என்ன சாப்பிட்டு வாழ்ந்தார்கள்?

கேட்கப்பட்டது மூன்று விஷயம். இமயமலைப் பழங்குடி மக்களின் பாரம்பரிய உணவு எது? அரிசி விளையாத அந்தக் குளிரில் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? பெரும்பாலும் இறைச்சிதான் சாப்பிடுவார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உண்மையில்லை. உயர்ந்த மலைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வயிற்றை நிரப்பியது தானிய மாவுதான். இறைச்சி பெரும்பாலும் குளிர்காலத்தில், அதுவும் வீட்டு வசதியைப் பொறுத்து. சுற்றுலாப் படங்களில் ஆவி பறக்கக் காட்டப்படும் மோமோவும் தினசரிச் சாப்பாடு கிடையாது. விருந்தாளி வந்தால், விசேஷம் என்றால், நாலு பேர் உட்கார்ந்து மடிக்க நேரம் இருந்தால் செய்வது.

முதல் கேள்விக்கு வந்தால், 'இமயமலை உணவு' என்று ஒரே உணவு இல்லை. அங்கே அட்சரேகையைவிட உயரம்தான் சமையலைத் தீர்மானிக்கிறது. 1,500 மீட்டரில் தண்ணீர் நிற்கும் பள்ளத்தாக்கு இருந்தால் நெல் விளையும். இன்னும் ஏறினால் கேழ்வரகும் மக்காச்சோளமும். அதற்கும் மேலே பக்வீட். பெயரில் கோதுமை மாதிரி இருந்தாலும் இது புல் இனமே இல்லை. முக்கோண விதை கொண்ட ஒரு செடி. 3,000 மீட்டரைத் தாண்டினால் பார்லியின் ஆட்சி. 4,500 மீட்டரை நெருங்கும்போது பயிர் என்பதே ஏறக்குறைய முடிந்து, ஆடும் யாக் எனும் அடர்முடி மலைமாடும் மட்டும் மிஞ்சும். ஒரே மலைச்சரிவில் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் வேறு வேறு தானியம் தின்று, ஒருவருக்கொருவர் பண்டம் மாற்றிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

எல்லாவற்றையும் மேலோட்டமாகச் சொல்வதைவிட ஓர் இடத்தை ஆழமாகப் பார்ப்பது நல்லது. நான் எடுத்துக்கொள்வது லடாக். அங்கே 1989-இல் எட்டுச் சமூகங்களுக்குப் பட்டியல் பழங்குடி அந்தஸ்து கிடைத்தது: போட், பால்டி, புரிக்பா, புரோக்பா, சாங்பா, மோன், பேடா, கரா. இவர்களில் பௌத்தரும் உண்டு, முஸ்லிமும் உண்டு. எல்லாரையும் கட்டிப்போட்ட தானியம் பார்லி.

லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருடத்துக்கு மழையும் பனியும் சேர்த்துச் சுமார் 100 மில்லிமீட்டர்தான். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ விதைத்தால் செப்டம்பருக்குள் அறுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மண் இறுகத் தொடங்கிவிடும். இந்தக் குறுகிய காலத்துக்குள் முற்றி, இரவுக் குளிரையும் தாங்கும் தானியம் பார்லி. அங்கே விளைவதில் பெரும்பங்கு உமி ஒட்டாத வகை. போரடிக்கும்போதே உமி கழன்றுவிடும், உரலில் போட்டுக் குத்த வேண்டியதில்லை.

ஆனால் முக்கியமான காரணம் அடுப்பில் இருக்கிறது. 3,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். 4,500 மீட்டரில் 85 டிகிரி. எவ்வளவு விறகு போட்டாலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. பருப்பு வேகாது, அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும். விறகாவது தாராளமாகக் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மரம் அரிது, எரிப்பது காய்ந்த சாணமும் முள்செடியும். அப்படிப்பட்ட ஊரில் நீண்ட நேரம் வேகவைத்துச் சாப்பிடும் தானியம் கட்டுப்படியாகாது. வறுப்பதற்கு இந்தத் தடை இல்லை. காய்ந்த சட்டியின் சூட்டுக்கும் காற்றழுத்தத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆக, இலையுதிர் காலத்தில் ஒரே தடவையாக அடுப்பு மூட்டி, மூட்டை மூட்டையாக வறுத்து, அரைத்து வைத்துவிட்டால் மாதக்கணக்கில் அடுப்பே இல்லாமல் சாப்பிடலாம். திபெத்தில் சம்பா என்றும் லடாக்கில் ங்கம்பே என்றும் சொல்லப்படும் மாவு இதுதான். பழமை என்று சொல்லி நாம் இதைக் கடந்துவிடக் கூடாது. உயரம், எரிபொருள், பருவம் மூன்றையும் எடைபோட்டுக் கண்டுபிடித்த விடை இது, மிகக் கச்சிதமான விடை.

வறுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் நுணுக்கம் புரியும். பார்லியைக் கழுவி, அரை ஈரம் காயும்வரை வெயிலில் பரப்புவார்கள். அடுப்பில் அகலமான இரும்புச் சட்டி. அதில் சலித்த பொடிமணல். மணல் நன்றாகக் காய்ந்ததும் இரண்டு கைப்பிடி பார்லியைப் போட்டுக் கிளறினால் சில நொடிகளிலேயே படபடவென்று வெடிக்கும். மணல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடு கொடுப்பதால் தானியம் கருகாது. உடனே சல்லடையில் கொட்டிச் சலித்தால் மணல் சட்டிக்குத் திரும்பிவிடும், பொரிந்த பார்லி மேலே நிற்கும். வீடு முழுக்க வறுத்த வாசம். குழந்தைகள் அப்போதே ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். யோஸ் என்று அதற்குப் பெயர். காய்ந்த பாதாமி (ஆப்ரிகாட் பழம்), வறுத்த பட்டாணி சேர்த்துக் கொறித்தால் மாலை நேரத் தீனி.

அரைப்பது ரன்டாக் எனும் நீர் ஆலையில். ஓடைமேல் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக் கல்வீடு. கீழே தண்ணீர் மரச் சக்கரத்தைத் தள்ள, மேலே கல் மெதுவாகச் சுற்றும். கூம்புக் கூடையிலிருந்து தானியம் சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் விழும். மெதுவாக அரைபடுவதால் மாவு சூடேறாது, வாசனையும் போகாது. ஊர்க்காரர்கள் முறைவைத்து அரைத்துக்கொள்வார்கள். மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தால் இரவெல்லாம் தானாகவே அரைத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் சாப்பிடும் விதம். கிண்ணத்தில் பாதி வெண்ணெய்த் தேநீரைக் குடித்துவிட்டு மீதியில் மாவைப் போட்டு, ஒரு கையால் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி, மறு கை விரலால் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிப் பிசைந்தால் கிண்ணமும் துடைத்த மாதிரி ஆகிவிடும், கையில் ஓர் உருண்டையும் வந்துவிடும். இதுதான் கோலாக். மோர் ஊற்றியும் பிசையலாம். சாங் எனும் பார்லிக் கள்ளை ஊற்றியும் பிசையலாம். தோல்பையில் மாவும் இடுப்பில் மரக் கிண்ணமும் இருந்தால் போதும், ஆட்டிடையரோ வணிகரோ பல நாள் நடையைச் சமாளித்துவிடுவார்.

வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது பாபா. பார்லி மாவோடு பட்டாணி மாவும் கலந்து கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மரத்துடுப்பால் மூச்சு வாங்கக் கிளறி, கெட்டியாக உருட்டி வைப்பார்கள். நம் ஊரில் கேழ்வரகுக் களி கிண்டிப் பழகியவர்களுக்கு அந்தத் துடுப்பைக் கையில் கொடுத்தால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டுக்கொள்ள தங்துர்: மோரில் காட்டுக்கீரையை நறுக்கிப் போட்டது. தானியத்தில் குறைவதைப் பட்டாணியும், பட்டாணியில் குறைவதைத் தானியமும் ஈடுகட்டுகின்றன; மோரும் கீரையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. இந்த ஒரு தட்டை வைத்துப் பார்த்தால் லடாக்கியர்கள் எளிமையாகச் சாப்பிட்டார்கள் என்று சொல்லலாம், குறைவாகச் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

கோதுமையும் உண்டு, ஆனால் இரண்டாமிடம்தான். மாவைப் பெருவிரலால் அழுத்திக் கிண்ணம்போல் குழித்து, முள்ளங்கி டர்னிப்போடு வேகவைக்கும் ஸ்க்யூ, காலையில் சுடும் கம்பீர் ரொட்டி, துக்பா எனும் கஞ்சி அல்லது நூடுல்ஸ் குழம்பு, எல்லாமே குளிருக்கு இதமானவை. சிந்து நதி ஓரமாகக் கீழே இறங்கும் ஷாம் பகுதியில் உயரம் குறைவு என்பதால் பார்லி அறுத்த அதே வயலில் பக்வீட் போட்டு இரண்டாம் போகமும் எடுத்துவிடுவார்கள். பாதாமி மரங்களும் அங்கேதான் அதிகம். பழத்தைக் காயவைப்பார்கள், கொட்டையை உடைத்துப் பருப்பிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள்.

வெண்ணெய்த் தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை. டீ என்று நினைத்துக் குடிப்பவர்கள் முதல் வாயிலேயே முகம் சுளிப்பார்கள். உப்புப் போட்ட சூப் என்று நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும். தேயிலையை நீண்ட நேரம் கொதிக்கவிட்டு, வெண்ணெய், உப்பு, கொஞ்சம் மண்ணிலிருந்து எடுக்கும் சோடா எல்லாம் சேர்த்து நீண்ட மரக் குழாயில் ஊற்றிக் கடைவார்கள். ஈரமே இல்லாத காற்றில் உடம்பு இழக்கும் நீரும் உப்பும் கொழுப்பும் இந்த ஒரு கோப்பையில் திரும்பக் கிடைக்கின்றன. ஒரு நாளைக்குப் பல கோப்பை இறங்கும். எல்லாச் சமூகமும் ஒன்றுபோல் இல்லை என்பதற்கும் பாலே உதாரணம். தா, ஹனு பக்கத்துக் கிராமங்களில் வாழும் புரோக்பா மக்கள் மரபாகப் பசும்பாலைத் தொடமாட்டார்கள். கோழியும் முட்டையும்கூட விலக்கு. அவர்கள் வீட்டில் ஆட்டுப்பால்தான்.

சரி, உணவு இவ்வளவுதான் என்றால் வாழ்க்கை முறை? எனக்கு இதில்தான் அதிக அக்கறை. ஒரு கிண்ணம் மாவுக்குப் பின்னால் ஊரின் முழு ஏற்பாடும் நிற்கிறது.

முதலில் தண்ணீர். மழை இல்லாத ஊரில் பாசனம் முழுக்கப் பனி உருகும் நீர். மேலே பனிமுகட்டிலிருந்து வாய்க்கால் வெட்டிச் சரிவு ஓரமாகவே கிலோமீட்டர் கணக்கில் கொண்டுவருவார்கள். எந்த வயலுக்கு எப்போது திறப்பது என்பதை ஊர் தேர்ந்தெடுக்கும் சுர்போன் பார்த்துக்கொள்வார். அவர் சொன்னால் திறக்க வேண்டும், சொன்னால் அடைக்க வேண்டும். சிக்கல் வசந்தத்தில் வரும். விதைத்த வயலுக்கு மே மாதத்தில் தண்ணீர் வேண்டும். பனியாறு நன்றாக உருகுவதோ ஜூனுக்குப் பிறகு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் லடாக்கின் பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைக் கிராமத்துக்கு மேலே தேக்கி உறையவைத்து, செயற்கைப் பனியாறுகளை 1980-களின் இறுதியிலிருந்து அமைத்தார். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. லடாக்கின் இன்னொரு பொறியாளர் சோனம் வாங்சுக், நீரைக் கூம்புபோல் உறையவைத்து 2013-இல் முதல் மாதிரி செய்து பார்த்த பனி ஸ்தூபிக்கும் நோக்கம் அதே வசந்தகாலத் தண்ணீர்தான்.

அடுத்தது உரம். பழைய லடாக்கிய வீட்டின் மாடியில் ஓர் அறை, தரையில் ஒரு துளை, மூலையில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. அதுதான் கழிப்பறை. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. போனவர் இரண்டு மண்வெட்டி மண்ணும் சாம்பலும் தள்ளிவிட்டு வருவார். கீழறையில் அது வருடம் முழுக்க மக்கி, வயலுக்குப் போகும்போது வாடையற்ற கருமண்ணாக இருக்கும். சாணம் அடுப்புக்கு எரிபொருளாகிவிடும் ஊரில், வயலுக்கு வேறு உரம் எங்கிருந்து வரும்? பார்லி நிலத்தைப் பல நூற்றாண்டு காப்பாற்றியதில் இந்த அறைக்குப் பெரிய பங்கு உண்டு.

வைக்கோலும் அதே அளவுக்கு முக்கியம். உயரமாக வளரும் நாட்டுப் பார்லியை விவசாயிகள் விடாமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் தானியத்தோடு நீண்ட தாளும் கிடைக்கும் என்பது. குளிர்காலத்தில் மொட்டை மாடியில் அடுக்கிவைத்த அந்தத் தாள்தான் மாட்டையும் யாக்–பசு கலப்பினமான சோவையும் காப்பாற்றும். சோ இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஏர் இல்லை.

ஆள்பலம்? கூலி கொடுத்து ஆள் வைப்பது குறைவு. வீடுகள் ஒன்றுக்கொன்று கைமாற்றாக வேலை செய்துகொள்ளும். பஸ்புன் என்று சில குடும்பங்கள் சேர்ந்த கூட்டம் உண்டு; ஒரே குலதெய்வம், பிறப்பு இறப்பு கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் முன்னால் நிற்பார்கள். போரடிக்கும் களத்தில் நடுக்கம்பத்தைச் சுற்றி மாடுகள் வட்டமாக நடக்க, பின்னால் பாட்டு. தூற்றும்போது காற்று வர வேண்டும் என்று சீழ்க்கையடிப்பார்கள்.

கல்யாணமும் இந்தக் கணக்குக்குள்தான் வந்தது. வாய்க்கால் எவ்வளவு தண்ணீர் தருமோ அவ்வளவுதான் வயல். புது நிலம் என்ற பேச்சே இல்லை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால் யாருக்குமே பிழைப்பு இருக்காது. அதனால் நிலத்தைப் பிரிக்காமல் மூத்தவர் பொறுப்பில் வைத்து, சகோதரர்கள் ஒரே பெண்ணை மணந்துகொள்ளும் வழக்கம் பரவலாக இருந்தது. ஒரு பையன் மடத்துக்குப் போவான். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் பெற்றோர் பெரிய வீட்டை விட்டுப் பக்கத்தில் சின்ன வீட்டுக்கு மாறிவிடுவார்கள். 1941-இல் ஜம்மு காஷ்மீர் சமஸ்தானம் சட்டம் போட்டு இந்தக் கல்யாண முறையைத் தடைசெய்தது. ஆனாலும் அது உடனே மறைந்துவிடவில்லை. மக்கள்தொகை கட்டுக்குள் இருந்ததற்கு இது காரணம் என்று பலர் புகழ்கிறார்கள். எனக்கு முழு மனதாகப் புகழ முடியவில்லை. கல்யாணமாகாமல் நின்ற பெண்கள் அண்ணன் வீட்டிலோ கன்னிமடத்திலோ உழைத்தே காலம் கழித்தார்கள். அதேபோல, ஊர் விசேஷத்துக்கெல்லாம் மேளம் வாசித்த மோன், பேடா மக்களுக்கும் இரும்படித்த கரா மக்களுக்கும் கூலி பெரும்பாலும் தானியமாகத்தான் வந்தது. அவர்களில் பலரிடம் நிலம் இல்லை. பந்தியில் அவர்களுக்கு இடம் கடைசியில். அழகான பார்லி வயலைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பயிரே இல்லாத உயரத்துக்கு வருவோம். சாங்தாங் பீடபூமியில் 4,500 மீட்டருக்கு மேல் மேய்ச்சல் தேடி நகர்ந்துகொண்டே இருப்பவர்கள் சாங்பா. யாக் முடியில் நெய்த ரெபோ எனும் கருங்கூடாரம் அவர்கள் வீடு. சோ மோரிரி ஏரிக்கரையிலுள்ள கோர்சோக் அவர்களின் முக்கியமான ஊர். உலகம் முழுக்க விலைபோகும் பஷ்மினா கம்பளி அவர்கள் வெள்ளாட்டின் அடிமுடி. குளிருக்காக ஆடு வளர்த்துக்கொள்ளும் அந்த மென்முடியைக் கோடைத் தொடக்கத்தில் சீப்பால் வாரி எடுப்பார்கள்.

தயிர், வெண்ணெய், மோரைக் காய்ச்சித் திரியவைத்து வெயிலில் உலர்த்திய சுர்பே, இதெல்லாம் அவர்களிடம் உண்டு. வெண்ணெயை ஆட்டின் இரைப்பையில் திணித்துத் தைத்து வைத்தால் நீண்ட நாள் கெடாது. இறைச்சி குளிர்கால ஆரம்பத்தில்: புல் இருக்கும்வரை தின்று கொழுத்திருக்கும் விலங்கை அப்போது அறுத்தால், அதற்குப் பிறகு வரும் குளிரே அதைக் காப்பாற்றும். பௌத்தர்கள் என்பதால் உயிர்க்கொலை பற்றிய உறுத்தல் உண்டு. பல சிறு உயிர்களைக் கொல்வதைவிடப் பெரிய விலங்கு ஒன்றைக் கொல்வது மேல் என்று கருதுவார்கள். ஆனால் இவ்வளவு கால்நடை வைத்திருந்தும் அவர்களின் அடிப்படை உணவு அதே பார்லி மாவுதான். விளையாத தானியம் எங்கிருந்து வந்தது? உப்பைக் கொடுத்து வாங்கினார்கள். சோ கார் ஏரிக்கரையில் படியும் உப்பைச் சிறு பைகளில் கட்டி, ஆட்டின் முதுகில் இரு பக்கமும் ஏற்றி, ஓர் ஆட்டுக்குப் பத்துக் கிலோ அளவில், ஆடுகள் மேய்ந்துகொண்டே நடக்க வாரக்கணக்கில் பயணம். ஸன்ஸ்கார் போன்ற வேளாண் பள்ளத்தாக்குகளில் உப்பும் கம்பளியும் கொடுத்துப் பார்லி வாங்கி, அதே ஆட்டின் முதுகில் ஏற்றித் திரும்புவார்கள். மேய்ப்பரும் உழவரும் தலைமுறையாக ஒரே குடும்பத்தோடு ஒரே குடும்பம் என்று உறவு வைத்திருந்தார்கள்.

இதே மாதிரி ஏற்பாடு உத்தராகண்டின் போட்டியா மக்களிடமும் இருந்தது. ஜோஹார் பள்ளத்தாக்கின் மிலம் போன்ற கோடைக் கிராமங்களில் பார்லியும் பக்வீட்டும் விதைத்துவிட்டு, கணவாய் தாண்டித் திபெத்துக்குத் தானியமும் வெல்லமும் கொண்டுபோய் உப்பும் கம்பளியும் கொண்டுவருவார்கள். பனி விழுமுன் குடும்பத்தோடு கீழே இறங்கிவிடுவார்கள். கீழ்மலை வயல்களில் விளைவது கேழ்வரகும் குதிரைவாலியும், தமிழ்நாட்டு மானாவாரிக் காட்டில் விளையும் அதே இரண்டும்தான். 1962 போரில் கணவாய்கள் மூடின. ஒரு பருவத்துக்குள் வணிகம் போயிற்று. கோடைக் கிராமங்கள் காலியாகத் தொடங்கின. லிப்புலேக் கணவாய் வழியே 1992-இல் வணிகம் மீண்டும் தொடங்கினாலும் பழைய வாழ்க்கை திரும்பவில்லை.

கிழக்குக் கோடியில் கதை முற்றிலும் வேறு. அருணாச்சலப் பிரதேசத்தின் ஸீரோ பள்ளத்தாக்கில் வாழும் அபதானிகள் நெல் மக்கள். 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்தச் சின்னச் சமவெளியில் ஏரும் கிடையாது, உழவு மாடும் கிடையாது. மண்வெட்டியும் கையும்தான். வரப்பில் கேழ்வரகு, வயலுக்குள் நெல், 1960-களிலிருந்து நெல்லுக்கு நடுவே பள்ளம் பறித்து மீனும் வளர்க்கிறார்கள். தண்ணீர் வடிக்கும்போது மீன்கள் அந்தப் பள்ளத்தில் ஒதுங்கிக்கொள்ளும். வரப்புக் கேழ்வரகில் நிறைய கள்ளாகத்தான் போகும். அங்கே தானியத்தைவிடத் தட்டுப்பாடானது உப்பு. குறிப்பிட்ட சில செடிகளை எரித்து, சாம்பலில் நீர் ஊற்றி வடித்து, அந்த நீரைச் சுண்டவைத்துத் தப்யோ எனும் கரிய உப்பு செய்தார்கள். மூங்கில் குருத்தோடும் பன்றிக் கொழுப்போடும் தப்யோ சேரும் குழம்பு அவர்களின் அடையாளச் சமையல். இன்று கடை உப்பு மலிவாகக் கிடைத்தும் அந்தச் சுவைக்காகவே அதை விடாமல் செய்கிறார்கள்.

பாரம்பரியம் என்றால் ஆதியிலிருந்தே மாறாமல் இருப்பது என்று எண்ணுகிறவர்களுக்கு நேபாளத்தின் கும்பு பகுதி நல்ல பாடம். எவரெஸ்ட் அடிவாரத்து ஷெர்பாக்களின் இன்றைய அடிப்படை உணவு உருளைக்கிழங்கு. அரைத்து ரொட்டியாகச் சுட்டு, மேலே யாக் வெண்ணெய் தடவிச் சாப்பிடும் ரிகிகூரை 'பண்டைய உணவு' என்றே விருந்தினருக்குச் சொல்வார்கள். ஆனால் தென் அமெரிக்கக் கிழங்கு அங்கே வந்து சேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். அதற்கு முன் பார்லியும் பக்வீட்டும் டர்னிப்பும்தான். விளைச்சல் கூடியதால் மக்கள்தொகை பெருகியது, உபரி வந்தது, 1916-இல் நிறுவிய தெங்போச்சே போன்ற மடங்களுக்குக் கை கொடுத்தது என்று மானிடவியலாளர் ஃபூரர்-ஹைமண்டார்ஃப் வாதிட்டார். பின்னால் வந்தவர்கள், உருளைக்கிழங்கு ஒன்றே காரணம் என்பதை மறுத்து வணிகத்துக்கும் குடியேற்றத்துக்கும் பங்கு உண்டு என்றார்கள். எனக்கு இரண்டாம் தரப்புதான் சரியாகப் படுகிறது. எப்படியானாலும், பயனுள்ள பயிர் கிடைத்தால் மலைமக்கள் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்பதில் சந்தேகமில்லை.

அப்படியானால் ரேஷன் அரிசியையும் அதே மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. உருளைக்கிழங்கு அவர்கள் வயலுக்குள் வந்தது. அரிசி லாரியில் வந்தது.

1960-களில் ஸ்ரீநகர்–லே சாலை போட்டதும் பெரும் எண்ணிக்கையில் ராணுவமும், 1974-இல் சுற்றுலாவுக்குத் திறந்ததும் பயணிகளும், கூடவே மானிய விலை அரிசியும் கோதுமையும் வந்தன. அப்போதெல்லாம் பனிக்காலத்தில் அந்தச் சாலையின் சோஜி லா கணவாய் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததால் கோடையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிச் சேமிக்க வேண்டியிருந்தது. ரேஷனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. விளைச்சல் பொய்த்த வருடத்தில் இரவல் மாவுக்கு அலைந்த வீடுகளுக்கு அது உயிர்த்துணை. வறுத்து, அரைத்து, களத்தில் நின்று முதுகு ஒடிந்த பெண்களுக்கு அது ஓய்வும்கூட.

ஆனால் அரிசி தனியாக வரவில்லை. 88 டிகிரியில் வேகாத அரிசிக்கு பிரஷர் குக்கர் வேண்டும், குக்கருக்கு கேஸ் சிலிண்டர் வேண்டும், சிலிண்டருக்கு லாரி வேண்டும், இதற்கெல்லாம் பணம் வேண்டும். பணத்துக்காகப் பிள்ளைகள் ராணுவத்துக்கும் டாக்சிக்கும் விடுதிகளுக்கும் போனார்கள். வயலில் ஆளில்லை, இப்போது பல கிராமங்களில் நேபாளத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வரும் தொழிலாளிகள்தான் அறுவடை செய்கிறார்கள். பார்லி போட்ட இடத்தில் ராணுவத்துக்கு விற்கும் உருளைக்கிழங்கும் காய்கறியும். கால்நடை குறைய உரம் குறைந்தது, யூரியா வந்தது. தண்ணீர்க் கழிப்பறை வந்ததும் வயலுக்குப் போன கருமண்ணும் நின்றது. சாங்பாக்களின் உப்புக்கு மதிப்புப் போனது. சாங்தாங்கின் கர்னக் பகுதி மேய்ப்பர்களில் பெரும்பாலோர் லே நகர ஓரத்தில் கர்னக்லிங் எனும் குடியிருப்பில் தங்கிவிட்டார்கள். தங்கியவர்களில் பலரும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வைத்தியத்துக்காகவும் வந்தவர்கள். அவர்களைத் திரும்பிப் போகச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரிசி, கோதுமையோடு சிறுதானியத்துக்கும் இடம் இருக்கிறது. அந்தந்த மலையில் விளையும் பார்லியையும் பக்வீட்டையும் கேழ்வரகையும் நியாயமான விலைக்கு அங்கேயே கொள்முதல் செய்து அங்கேயே ரேஷனில் கொடுத்தால், வயலுக்கு ஒரு காரணம் கிடைக்கும். பணக்கார ஊர்களின் கடைகளில் 'சூப்பர் உணவு' என்று பொட்டலம் போட்டு விற்பது இதற்கு மாற்றாகாது. அப்படி விற்றால் விளைவித்தவர் வீட்டிலேயே அது அரிதாகிவிடும்.

சாப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: லே நகரச் சாப்பாட்டுக் கடைகளைவிட, கிராமத்து வீடுகளில் தங்குவது நல்லது. போவதற்கு முன்பே பாபாவும் தங்துரும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் விருந்தாளிக்கு மரியாதை என்று சோறும் பருப்பும்தான் வரும். ஷாம் பக்கம் செப்டம்பரில் போனால் களத்து வேலையையும் பார்க்கலாம். வீட்டில் செய்து பார்ப்பதானால் மளிகைக் கடையில் கிடைக்கும், உமி தீட்டிய வெள்ளைப் பார்லியை எடுத்துக்கொள்ளுங்கள். உமியோடு இருப்பதை வறுத்து அரைத்தால் தொண்டையில் குத்தும். கழுவி நிழலில் உலர்த்தி, கனமான இரும்புச் சட்டியில் சிறு தீயில் செம்பழுப்பு ஆகும்வரை வறுத்து, ஆறியபின் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். பாலில்லாத கட்டித் தேநீரில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் போட்டு நன்றாக அடித்து, கால் கிண்ணம் தேநீருக்கு மூன்று நான்கு கரண்டி மாவு என்று ஆரம்பித்து, பிசைந்தால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை சேர்க்கலாம். சுட வைக்க வேண்டாம், அப்படியே சாப்பிடலாம்.